கெர்னலிடம் நான் கேட்ட கேள்விகள்

டேப் ரெக்கார்டரில் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலையை நான் மூன்று வாரம் கம்ப்யூட்டரில் செய்தேன். முடிக்கவும் இல்லை. இத்தனை வருடமாக இதை வெளியே சொல்லாததற்குக் காரணம் தன்னடக்கம் அல்ல.

தொண்ணூறுகளின் கடைசி. ஆவடி சேக்காட்டில் குடியிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் போல்ட் எத்தனை, நட்டு எத்தனை என்று பட்டியல் போடும் புரோகிராம் எழுதுவது என் உத்தியோகம். அப்படிப்பட்டவனுக்குத்தான் பிரபஞ்ச ரகசியம் தேவைப்படும். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் ஓர் இயக்குதளம் இருந்தது. அதன் உள்கருவுக்குக் கெர்னல் என்று பெயர். அதை வரி வரியாகப் பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம். படித்ததோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

எதிர் வீட்டில் ஒரு போர்மேன். பிரஸ் ஷாப்பில் முப்பது வருடம் இயந்திரங்களின் சத்தத்துக்கு மேல் கத்தி வேலை வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வாசகம் வாசிப்பவரும் அவர்தான். மைக் போனாலும் சபைக்குத் தெரியாது. அந்தத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். அதுவரை பேச்சைக் குறைக்கச் சொல்லியிருந்தார்.

பூந்தமல்லியில் வாழ்க்கைப்பட்ட அவர் மகள் அப்போது முழுகாமல் இருந்தாள்.

"கொழந்த பொறந்து, தாத்தா இன்னா ஊமையான்னு கேக்கக் கூடாது நைனா," என்றார். "ஒரு பக்கம் எழுதி வெச்சுகினு கீறேன். டேப்புல படிச்சு வெச்சிரலாமா?"

"டேப்பா? நாலு வருஷத்துல பூசணம் புடிச்சிரும்ணே. கம்ப்யூட்டர்ல போட்டா உங்க பேரனோட பேரன் கேப்பான்," என்றேன்.

சொன்ன அன்று வரை என் கம்ப்யூட்டர் ஒரு சத்தமும் பிடித்ததில்லை. அதில் சவுண்ட் கார்டு இருந்தது. அது பேசுவதைக் கெர்னலுக்குப் புரியவைக்கும் டிரைவர் என்ற நிரலும் இருந்தது. இருவருக்கும் பேச்சுவார்த்தைதான் இல்லை. பதிவு செய்யச் சொன்னால் இயந்திரம் அப்படியே உறைந்துவிடும்.

விஷயம் இதுதான். கார்டு மைக்கிலிருந்து வரும் ஒலியை ஒரு சின்னத் தொட்டியில் நிரப்பும். நிரம்பியதும் மணி அடிக்கும். டிரைவர் ஓடி வந்து மொண்டுகொண்டு போக வேண்டும். தாமதித்தால் பழையதன் மேலேயே புதியது விழுந்துவிடும். மணிக்கு ஓர் எண் உண்டு. என் பெட்டியில் மோடமும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதை ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்து, கார்டின் மேல் அந்த எண்ணைத் தீர்மானிக்கும் சின்ன பிளாஸ்டிக் தொப்பியைப் பிடுங்கி வேறு ஊசியில் மாட்டினேன். உறைவது நின்றது. ஒலி வந்தது, ஆனால் துண்டு துண்டாக.

அது தனி நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய வியாதியின் மிச்சம் என்று நினைத்தேன். மணி அடிக்கும்போதெல்லாம் டிரைவர் என்ன செய்கிறது என்பதைத் திரையில் எழுதிக் காட்டும்படி முதல் நாளே மூன்று வரி சேர்த்திருந்தேன். இப்போது ஐந்தாக்கினேன். பிறகு ஒன்பது. ஒரு வரி சேர்த்தால் கெர்னலை மறுபடி கம்பைல் செய்ய, அதாவது முழுவதையும் இயந்திர மொழிக்கு மாற்ற, ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு முறையும் ஒலி முன்னைவிட மோசமானது. சரியான இடத்தை நெருங்குகிறேன் என்று மகிழ்ந்தேன்.

ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் அவர் வந்துவிடுவார். மைக்கைக் கையில் கொடுப்பேன். என் குரலில் சோதித்துப் பார்த்தால் போதாதா? போதும். ஆனால், "உங்க குரலுக்கு லெவல் செட் பண்ணணும்ணே," என்று சொல்வதில் ஒரு ஸ்டுடியோ களை இருந்தது. எழுதி வைத்திருந்த பக்கத்தை மட்டும் தொடவிடவில்லை. சரியானதும் ஒரே மூச்சில் வாசிக்கலாம், வீணாக்க வேண்டாம் என்றேன். அதனால் அவர், "ஒன்னு, ரெண்டு, மூணு," என்பார். பிறகு, "வருதா நைனா?" என்பார்.

"இன்னும் ஒரு தடவண்ணே."

அவர் மனைவி வாசலில் நின்று ஒருநாள் கேட்டார்: "டாக்டரு பேசாதன்னு சொல்லிகீறாரு. நீ இன்னா தம்பி, ஒன்னாங் கிளாஸ் வாத்தியாராட்டம் ஒன்னு ரெண்டு சொல்ல வெச்சுகினு கீற?"

"வாத்தியாரு தேவலாம்," என்றார் போர்மேன். "நூறு சொன்னா வுட்ருவாரு."

திங்கள் காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு, பாக்கெட்டில் மடித்த தாளோடு வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி பின்னாலேயே பக்கத்து வீட்டு ரேடியோ-டேப் டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுல புடிச்சிரலாம் தம்பி."

"ஒரே ஒரு மணி நேரம்க்கா. இந்தக் கம்பைல் முடிஞ்சா ஆச்சு."

அப்போது வரிகள் பத்தொன்பது. கம்பைல் முக்கால்வாசியில் கரண்ட் போனது. டூ-இன்-ஒன்னில் பேட்டரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெருவில் பாதி அடைப்பு. அவர் மனைவி ஆவடி பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, பேட்டரி வாங்கி வந்தபோது மணி நான்கு. போர்மேன் தாளை விரித்தார். வாயைத் திறந்தார். காற்று வந்தது. மூன்று வாரமாக எண்ணி எண்ணி, அன்று காலை வாசகமும் வாசித்து, தொண்டையில் இருந்ததெல்லாம் தீர்ந்திருந்தது. இரண்டு முறை முயன்றார். டேப்பில் நாய் குரைப்பு நன்றாக விழுந்தது. தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அதில் என்ன எழுதியிருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"வுடு நைனா," என்று உதடு அசைந்தது.

திங்கள் மாலை, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கலாம் என்று என் பத்தொன்பது வரிகளையும் அழித்தேன். கம்பைல் செய்து, யோசிக்காமல் பதிவை அழுத்தினேன். ஒலி பளிங்குபோல வந்தது. தலைக்கு மேல் ஓடிய மின்விசிறி, ஒரு நொடிகூடத் துண்டிக்காமல், இரண்டு நிமிடம். தொப்பியை மாற்றி மாட்டிய நாளிலேயே டிரைவர் குணமாகியிருக்கிறது. மணி அடித்ததும் ஒலியை மொண்டுகொண்டு போகவேண்டியவன், என் கேள்விகளுக்கெல்லாம் திரையில் பதில் எழுதிக்கொண்டிருந்தான். அதற்குள் தொட்டி வழிந்துவிட்டது. அவ்வளவுதான். நோயாளியை நிமிடத்துக்கு நிமிடம் எழுப்பி, "தூக்கம் வந்ததா?" என்று விசாரித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அன்று மதியமே குரல்வளையை எடுத்துவிட்டார்கள் என்று மறுநாள் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து வந்தார். கழுத்தில் துண்டு, கையில் ஒரு சிலேட்டு. என்ன இருக்கிறது, போடு என்று சைகை காட்டினார். நான் மன்னிப்புக்கு ஒரு பத்தி தயார் செய்து வைத்திருந்தேன், இலக்கியத் தரம் உடையது. சிலேட்டோடு நிற்பவரிடம் பத்தி பேச முடியவில்லை. சோதனைப் பதிவுகளை வரிசையாக ஓடவிட்டேன்.

"ஒன்... ரெ... மூ... வரு... நைன்..."

முப்பதுக்கு மேல் துண்டுகள். அவர் மனைவி பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். போர்மேன் அசையவில்லை. நிறுத்தலாம் என்று நான் கையை நீட்டுவதற்குள், பட்டியலில் கடைசியாக இருந்த விசிறிப் பதிவு தானாகத் தொடங்கியது. அவர் முன்னால் சாய்ந்து, காதை ஸ்பீக்கரிடம் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு நிமிடமும் கேட்டார். குரலைப் பிடிக்காமல் விட்டதை மன்னித்துவிட்டார், பதிவின் தெளிவை மெச்சப்போகிறார் என்று ஒரு கணம் நம்பினேன்.

சிலேட்டில் எழுதி என் பக்கம் திருப்பினார்:

"பேரிங் போச்சு. தலையில வுழறதுக்குள்ள மாத்து."