தொடாமல் ரிப்பேர் செய்த கேரவன்

"ஜெபராஜ், முதல்லயே ஒண்ணு தெளிவாப் பேசிண்டுடலாம். வண்டியை நீங்க தொடப்படாது. நீங்க சொல்லணும், நான் பண்ணுவேன்."

வேலைக்குப் போன முதல் நாள், டூல் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே வைத்தியநாதன் சார் இப்படிச் சொன்னார். பஸ் டெப்போவில் பாடி செக்‌ஷன், பிரேக் செக்‌ஷன் என்று முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். வீடு மும்பை தாராவியில். ரிட்டயர் ஆன பிறகும் யாராவது கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். சீக்கிரம் முடி என்று கத்தின கஸ்டமர் உண்டு, நேற்றே முடித்திருக்க வேண்டும் என்று கத்தினவரும் உண்டு. தொடாதே என்று சொல்வதற்காக மெக்கானிக்கைக் கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான்.

சார் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். இன்சூரன்ஸ் ஆபீஸில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். "ஆபீஸ்ல எல்லா வேலையும் அடுத்தவா பண்ணினா, நான் கையெழுத்துப் போட்டேன். இதையாவது என் கையால பண்றேனே" என்றார். சரி என்றேன். அந்தச் சரியை நினைத்து மூன்று மாதம் வருத்தப்பட்டேன்.

வண்டி

சார் குடியிருக்கும் ஹவுசிங் சொசைட்டி காம்பவுண்டில், தண்ணீர் மோட்டார் ரூமை ஒட்டி நின்றது அந்த வண்டி. முப்பது வருஷத்துக்கு முந்தைய டீசல் மினி பஸ். யாரோ ஒரு சினிமாக்காரருக்காக சீட்டை எல்லாம் கழற்றிவிட்டு உள்ளே கட்டில், அடுப்பு மேடை, ஸிங்க், குட்டி பாத்ரூம் வைத்துக் கேரவனாக மாற்றியிருந்தார்கள். கடைசியாக வைத்திருந்தவர் வாஷிக்காரர். அவர் வீட்டுக் கோழிகள் அதில் குடியிருந்தன என்பது உள்ளே கால் வைத்ததும் தெரிந்தது.

கூரையில் ரிவெட் அடித்த ஜாயிண்ட் எல்லாம் ஒழுகியது. தரைப் பலகை ஊறி, மிதித்தால் அமுங்கியது. பிரேக்கை மிதித்தால் பெடல் எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரையைத் தொட்டது.

இதை எதற்கு வாங்கினார் என்றால், சாரின் மனைவி கமலா மாமிக்காக. மாமிக்கு இடது முழங்கால் மடங்காது. ரயிலில் ஏறுவது கஷ்டம், ஹோட்டல் பாத்ரூம் அதைவிடக் கஷ்டம். கொங்கண் கடற்கரை முழுவதையும் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். சாருக்கு லீவு கிடைத்தால் ஆபீஸில் ஆடிட் வந்துவிடும்.

இதற்குள் சொசைட்டி செக்ரட்டரி நோட்டீஸ் ஒட்டிவிட்டார். மூன்று மாதத்துக்குள் ஃபிட்னஸ் சர்டிபிகேட் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வண்டியைக் கட்டி இழுத்துப் பங்கார் என்கிற பழைய இரும்புக் கடையில் தள்ளிவிடுவார்கள். பங்கார் கடைக்குப் போன வண்டியை நான் பார்த்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் தகரம் தனி, ரப்பர் தனி, கண்ணாடி தனி.

வாய் வேலை

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் உஸ்தாத் யாரும் வாயால் வேலை சொல்லித் தந்ததில்லை. அவர் கை செய்யும், நாங்கள் பார்ப்போம், தப்பாகச் செய்தால் முதுகில் ஒன்று விழும். டெப்போவில் நாங்கள் நாள் முழுக்கப் பேசினது இரண்டே வார்த்தை: "அது", "இது". "அத எடுத்து இதுல போடு" என்றால் எட்டுப் பேருக்கும் புரியும்.

சாருக்குப் புரியவில்லை. ஒரு நீள ரெஜிஸ்டரும் பேனாவுமாக உட்கார்ந்துகொண்டு, "அதுன்னா எது?" என்பார்.

"அந்த இது சார். இதுக்குப் பின்னால இருக்குல்லா, அது."

"ஜெபராஜ், இதை நான் எப்படி எழுதறது?"

கையை நீட்டுவேன். உடனே "தொடப்படாது" என்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மோவாயால் காட்டுவேன். ஒரு வாரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. எதிரே பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை கிடக்கிறது, அதை ஒருவர் இரண்டு நாள் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். உண்ணாவிரதம் இருக்கிறவன் முன்னால் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிற மாதிரிதான். வீட்டுக்கு வந்து ஆத்திரத்தில் எங்கள் மிக்ஸியைக் கழற்றி மாட்டுவேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி அது. என் மனைவி ஸ்டெல்லா, "அந்த வேலைய விட்டுத் தொலைங்க, இல்லன்னா என் மிக்ஸிய விடுங்க" என்றாள்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் இருக்கும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன்பு பெடலை விட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். சார் வண்டிக்கு அடியில் படுத்தார். நான் தொடக் கூடாது. மீதி இருந்தது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாமிதான்.

"வலது கால் நல்ல கால்தான்" என்று சொல்லி மாமி டிரைவர் சீட்டில் ஏறினார்.

"மாமி, அமுக்குங்க. விட்ராதிய. சார், தொறங்க. மூடுங்க. மாமி, இப்ப விடுங்க."

"விட்டாச்சு!"

"மூடலை, மூடலை!" என்று அடியிலிருந்து சார் அலறினார். பிரேக் ஆயில் அவர் மூக்குக் கண்ணாடியில் வழிந்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு நாள் ஆனது. நாலாம் நாள் நான் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. மாமியே "திறங்கோ, மூடுங்கோ" என்று சாருக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சார் மெதுவே தவிர மட்டம் இல்லை. போல்ட்டைக் கழற்றினால் துடைத்து, எண்ணெய் போட்டு, பெயிண்ட் அடித்து மாட்டுவார். கூரை ஜாயிண்ட்டுக்கு அவர் பூசின ஸீலண்ட் கோடு போட்ட மாதிரி இருந்தது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவ்வளவு பொறாமை.

நான் சொல்லாமல் விட்டது

இன்ஸ்பெக்‌ஷன் வாஷியில். காலை பதினொன்றுக்கு. நோட்டீஸ் கெடுவுக்கு இரண்டே நாள் பாக்கி. அன்றைக்குத் தவறினால் அடுத்த முறை தேதி கிடைப்பதற்குள் வண்டி பங்கார் கடையில் இருக்கும்.

முந்தின நாள் காலையில் சாரிடம், "ஸிங்க்குக்கும் பாத்ரூமுக்கும் மாட்டின புதுத் தண்ணி டேங்க்கை முழுசா ரொப்பி வச்சுப் பாருங்க. அப்பத்தான் லீக் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்த்த பிறகு காலி செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. டெப்போவில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். கை தானாக ட்ரெயின் பிளக்குக்குப் போகும்.

அன்று சாயங்காலம் பைப் லைன் வேலைக்காக மறுநாள் முழுக்கத் தண்ணீர் வராது என்று அறிவிப்பு வந்தது. மும்பையில் அப்படி ஒரு செய்தி வந்தால் வீட்டில் இருக்கிற குக்கர், பால் பாத்திரம் வரைக்கும் ரொப்பி வைப்பார்கள். ரொப்பின டேங்க்கைக் காலி செய்கிற ஆள் இந்த ஊரில் பிறந்திருக்க முடியாது.

மறுநாள் நான் செம்பூரில் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. வண்டி வந்தது. முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டும் பின்பக்கம் ரோட்டில் உட்கார்ந்துகொண்டும் வந்தது.

"பாத்தேளா ஜெபராஜ்? எப்படி ரோடைப் பிடிச்சுண்டு போறது!" என்றார் சார் பெருமையாக.

உள்ளே எட்டிப் பார்த்தேன். டேங்க் நிறைய இருந்தது போதாதென்று தரை முழுக்கப் பிளாஸ்டிக் டிரம்கள், தட்டு போட்டு மூடித் துணி கட்டியிருந்தது. மாமி கட்டிலில் உட்கார்ந்து இரண்டு குடங்களை அணைத்துப் பிடித்திருந்தார்.

"மாமி, என்ன இது?"

"நாளன்னிக்கு வரைக்கும் தண்ணி வரலைன்னா? ஆத்துல இடமில்லை. வண்டியில இவ்வளவு இடம் சும்மாக் கிடக்கேன்னு வெச்சேன். அக்கம்பக்கத்துலயும் கேட்டா, சரின்னுட்டேன். அந்த நீல டிரம் ரெண்டும் செக்ரட்டரியோடது."

நோட்டீஸ் ஒட்டின அதே செக்ரட்டரி.

கோவண்டி

கோவண்டி வருவதற்குள் பின் டயர் மட்கார்டில் உரசி ரப்பர் கருகின வாடை வந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் டயர் கிழியும். "சார், ஓரம் கட்டுங்க. தண்ணிய எறக்கியே ஆகணும்" என்றேன். மணி பத்தேகால்.

சார் அடியில் படுத்து ட்ரெயின் பிளக்கைத் திறந்தார். தண்ணீர் ரோட்டில் கொட்டி முழுசாக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, சந்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ மேரி! தண்ணி வண்டி வந்திருக்குடீ! கொடத்த எடுத்துட்டு ஓடியா!"

அங்கேயும் தண்ணீர் கிடையாதல்லவா. அடுத்து இருபது குடம், முப்பது வாளி, ஒரு குழந்தை குளிக்கும் டப். எல்லாருக்கும் முன்னால் நின்ற அக்காவிடம், "யக்கா, இது தண்ணி வண்டி இல்ல, வீட்டு வண்டி" என்றேன்.

"உள்ள தண்ணி இருக்கா இல்லியா?"

"இருக்கு."

"பொறவு என்ன? பிடி கொடத்த."

கூட்டம் பிதுங்கியது. சார் அடியிலிருந்து எழுந்து, முதுகெல்லாம் சேறோடு ரெஜிஸ்டரைத் திறந்து, நாற்பது வருஷம் ஆபீஸ் நடத்தின குரலில் சொன்னார்: "லைன்ல நில்லுங்கோ! ஒரு வீட்டுக்கு ரெண்டு குடம்! பேரைச் சொல்லிட்டுப் போங்கோ!" நின்றார்கள். பேரையும் சொன்னார்கள். ஒரு டிராபிக் ஹவல்தார் வந்து, "டேங்கர்கா பர்மிட் கிதர் ஹை?" என்று தண்ணி டேங்கருக்கான பர்மிட்டைக் கேட்டார். மாமி ஜன்னல் வழியாக ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். குடித்துவிட்டு அவரே லைனை ஒழுங்குபடுத்தினார்.

செக்ரட்டரியின் நீல டிரம் இரண்டையும் நானே தூக்கிக் கொடுத்தேன். வண்டியைத் தொடவில்லை, டிரம்மைத்தான் தொட்டேன். மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஹாரன்

வாஷி போய்ச் சேர பதினொன்றைத் தாண்டிவிட்டது. கடைசி வண்டியாக நின்றோம். இன்ஸ்பெக்டர் பிரேக் பார்த்தார், சரி. விளக்கு பார்த்தார், சரி. அடியில் சொட்டின தண்ணீரை விரலில் தொட்டு மோந்து பார்த்தார், சரி. "ஹாரன்" என்றார்.

சார் அமுக்கினார். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினார்.

"ஹாரன் நஹீ தோ ஃபெயில்" என்றார் இன்ஸ்பெக்டர். ஹாரன் இல்லாத வண்டிக்குச் சர்டிபிகேட் கிடையாது. சார் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "பாஞ்ச் மினிட்" என்று ஐந்து விரலை விரித்து, கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

முன்பக்கத் தகரத்தைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஹாரன் பிடித்திருக்கும் இடம் புதுப் பெயிண்ட்டில் பளபளத்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு அழகாக இருக்கட்டும் என்று சார் அதைக் கழற்றி, பெயிண்ட் அடித்து மாட்டியிருக்கிறார். எர்த் ஒயர் பெயிண்ட் மேல் உட்கார்ந்திருந்தால் கரண்ட் எப்படிப் போகும்? சார் ரெஜிஸ்டரில் ஹாரன் பக்கத்தைத் தேடினார். நான் சொல்ல வாயைத் திறந்தேன். மூன்று மாதமாகத் தெளிவாகச் சொல்லப் பழகின வாய் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது.

"சார், அது... அந்த இதுல... இது இருக்குல்லா, அத..."

"எது ஜெபராஜ்? எது?"

கை தானாக முன்னால் போனது. அதற்குள் நடுவில் ஒரு கை வந்தது.

"நகருங்கோ ரெண்டு பேரும். எர்த்து மேல பெயிண்ட் இருக்கப்படாதுன்னு பின் லைட் மாட்டறச்சே இவர் சொன்னாரோல்லியோ?" மாமி அந்தத் திருகாணியைத் தளர்த்தி, இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்து, தகரம் வெள்ளையாகத் தெரியும் வரைக்கும் பெயிண்ட்டைச் சுரண்டினார். ஒயரை வைத்து முறுக்கினார். "அமுக்குங்கோ" என்றார்.

அந்த ஹாரன் சத்தத்தில் இன்ஸ்பெக்டர் இரண்டடி பின்னால் போனார். பிறகு சிரித்துக்கொண்டே, "மெக்கானிக் கோன் ஹை?" என்று கேட்டார், யார் மெக்கானிக் என்று. ரெஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாரும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நானும், மாமியைக் காட்டினோம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மூன்று மாதமாகக் கேள்வி கேட்கிறவரைத்தான் பார்த்துப் பேசினேன். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவரை ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டெப்போவில் இப்படி எத்தனை பேரைப் பார்க்காமல் விட்டேனோ. பிள்ளைகளே, யாருக்காவது வேலை சொல்லித் தந்தால் சத்தமாகச் சொல்லுங்கள், "அது", "இது" இல்லாமல் சொல்லுங்கள். யார் காதில் விழுகிறது என்பது சொல்கிறவனுக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து மதியம் மாமியின் பேர் போனில் வந்தது. எனக்குத் திக்கென்றது. ஒரு கையால் டூல் பையை எடுத்துக்கொண்டே, "எங்க நிக்கிது மாமி? பிரேக்கா, ரேடியேட்டரா?" என்று கேட்டேன்.

"நிக்கறதாவது! ரத்னகிரி தாண்டி வந்துட்டோம். நேத்து ஒரு பல்பு போச்சு, மாத்திட்டேன். இங்க சமுத்திரம் அவ்வளவு நன்னா இருக்கு ஜெபராஜ். உங்ககிட்டச் சொல்லணும்னு தோணித்து, அதான் போன் பண்ணினேன்."

இத்தனை வருஷ வேலையில் எனக்கு வந்த போன் எல்லாம் எங்கோ ஏதோ நின்றுபோனதைச் சொல்ல வந்தவைதான். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, கடல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேட்டேன்.