கேட்டால்தான் சர்வீஸ்

பழைய மஞ்சள் வேட்டியிலிருந்து கிழித்த துணி அது. ஆயில் அளவுக் கம்பியை உருவி அதில் துடைப்பார் டிரைவர் அண்ணன். கறுப்பு பட்ட பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் செருகிக்கொள்வார். அவரை நினைத்தால் அவர் முகத்துக்கும் முன்னால் அந்த மடிப்புதான் நினைவுக்கு வருகிறது.

அம்பத்தூரில் ஒரு கம்பெனி. அதிகாரிகளுக்கென்று சில அம்பாசிடர் கார்கள். பாலிடெக்னிக் முடித்த கையோடு அங்கே போக்குவரத்துப் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். அண்ணன் பாரிவாக்கத்துக்காரர். அவருடைய அப்பாவும் என் அப்பாவைப் போல அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்தான். அந்த உரிமையில் என்னைத் தம்பி என்பார். "நம்ம புள்ள படிச்சுட்டு வந்துகீது. இனிமே வண்டிக்கு ராஜ வைத்தியம்தான்" என்று மற்ற டிரைவர்களிடம் சொல்லிக்கொள்வார்.

அங்கே சர்வீஸுக்கு அமாவாசைதான் கணக்கு. அன்று கார்களைக் கழுவிக் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைப்பார்கள். மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாக ஷெட்டுக்குப் போகும். ஓடிய வண்டி, ஓடாத வண்டி என்ற பேச்சே இல்லை. எல்லாவற்றுக்கும் புது ஆயில்.

மேலாளருக்கு இது வீண் செலவாகப் பட்டது. தேவைப்படும்போது டிரைவரே வந்து சொல்லட்டும், அப்போது செய்தால் போதும் என்றார். நான் படித்த படிப்பும் அதையேதான் சொன்னது. டிரைவர்களை வேப்பமரத்தடியில் நிற்கவைத்து விளக்கினேன். திருப்பதி போய்வரும் வண்டியும் ஆவடி ஸ்டேஷனோடு திரும்பிவிடும் வண்டியும் ஒன்றா என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணன் கொஞ்சம் பெருமையாகவே ஆட்டினார்.

முதலில் போய்க் கேட்டவரிடம் மேலாளர், "உன் வண்டி மட்டும் ஏன்யா கேக்குது? கிளட்ச்சுல காலை வச்சுகினே ஓட்றியா?" என்றார். வெளியே வந்ததும் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "இன்னா மச்சான், அதுக்குள்ள உன் வண்டிக்கு வயித்து வலியா? கஷாயம் வச்சுக் குடு." அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கார்கள் நன்றாக இருக்கின்றன என்று நான் நம்பினேன். ஒருநாள் அண்ணன் துணியை மடிப்பதைப் பார்த்து, ஆயில் எப்படி இருக்கிறது என்றேன். "இன்னும் ஓடும் தம்பி" என்று பானெட்டை மூடிவிட்டார்.

கம்பெனிக்கு வந்த வெளியூர் விருந்தாளிகளை அண்ணன் ஏற்றிக்கொண்டு போனபோது வேலப்பன்சாவடியில் நட்ட நடு ரோட்டில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. இன்னொரு வண்டியும் கயிறுமாக நான் போய்ச் சேர்வதற்குள் விருந்தாளிகள் ஆட்டோ பிடித்துப் போயிருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்ற காலேஜ் பையன்கள், "இன்னா நைனா, வண்டி பூட்ச்சா?" என்று சிரித்தார்கள். அண்ணனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். துணி அவர் கைக்குள் கசங்கிக்கொண்டிருந்தது.

"ஆயில் கெட்டுப்போச்சுன்னு தெரியும் இல்ல? வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?" என்று மேலாளர் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணன் தரையைப் பார்த்தபடி, "எல்லாரும் சும்மா கீறப்போ நான் மட்டும் எப்டி சார் வந்து கேக்கறது?" என்றார்.

எனக்குக் காது சுட்டது. எங்கள் பள்ளியில் வருடம் தொடங்கும்போது எல்லோருக்கும் நோட்டு கொடுப்பார்கள். ஒரு வருடம் மட்டும், வாங்க வசதியில்லாதவர்கள் கை தூக்குங்கள் என்றார் வாத்தியார். என் கை எழும்பவில்லை. அந்த வருடம் முழுக்கக் கடையில் கிடைத்த பொட்டலத் தாள்களைத் தைத்து அதில் எழுதினேன். கேட்பது எவ்வளவு கனமான காரியம் என்று அந்த மரத்தடியில் நின்ற எல்லோரையும்விட எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் திருப்பதியையும் ஆவடியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அண்ணனை வண்டியிலிருந்து இறக்கி வாசலில் காவலுக்குப் போட்டார்கள். அமாவாசைக் கணக்கு சத்தமில்லாமல் திரும்பி வந்தது. வேறொருவர் அந்தக் காரை ஷெட்டுக்கு ஓட்டிப்போனபோது இரும்புக் கதவைத் திறந்துவிட்டவர் அண்ணன்தான். பின்னால் நடந்து வந்த என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்று, "வணக்கம் சார்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவேயில்லை.

இப்போது பூந்தமல்லியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். புதுசாகக் கார் வாங்கியவர்கள், தேதி வைத்து சர்வீஸ் விடுவதா, ஓடிய தூரத்தைப் பார்த்து விடுவதா என்று கேட்கிறார்கள். ஓட்டத்தைப் பார்ப்பதில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொந்தமாக ஓட்டுகிறீர்களா, டிரைவர் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் விசாரிக்கிறேன். டிரைவர் என்றால், தேதி வைத்துவிடுங்கள் என்கிறேன். காரணம் கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடிவதில்லை. பானெட்டுக்குள் குனிந்து கம்பியை உருவித் துடைக்கிறேன். நிமிரும்போது பார்த்தால், கையிலிருக்கும் துணி கறுப்புப் பக்கம் உள்ளே போக மடிந்திருக்கிறது.