அக்கா நெய்த மாதிரித் துணி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆரணியில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். போன மாதம் அந்த வாயால்தான் என் அக்காவைக் காட்டிக்கொடுத்தேன்.

ஆளில்லாத சிறு விமானங்களின் இறக்கைக்கு கார்பன் இழையில் துணி நெய்வது என் ஆராய்ச்சி. வேலூரில் ஒரு கல்லூரியில் வேலை. அந்தத் துணியை ஆரணி விசைத்தறியிலேயே நெய்துவிடலாம் என்று காட்ட ஆசைப்பட்டேன். விசைத்தறி அக்காவுடையது. கார்பன் தூசு பறந்துபோய் ஒரு முகூர்த்தப் புடவையில் கருப்பாக ஒட்டிக்கொண்ட அன்று, கார்பனும் பட்டும் ஒரே கொட்டகையில் ஆகாது என்று தெரிந்துபோனது. "பட்ட உட்டுடறேன். நீ கீறியே, இன்னா பயம்?" என்றாள் அக்கா. பட்டுக்கு வந்த வேலையையெல்லாம் திருப்பி அனுப்பினாள். ஆராய்ச்சி நிதி வந்தால்தான் அவளுக்கு இனி பிழைப்பு.

நிதி கேட்பவர்கள் தங்கள் தொழில்நுட்பம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று ஒன்பது படிகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெறும் யோசனை என்றால் முதல் படி, வானத்தில் பறந்து வேலை செய்தால் ஒன்பதாவது. எங்களுக்கு ஐந்தாவது வேண்டும். அதற்கு, உற்பத்தி செய்யப்போகும் தறியிலேயே நெய்த துணி சோதனையில் தேற வேண்டும். அக்கா கொடுத்த மாதிரித் துணி தேறியது. நானும் ஐந்து என்று எழுதிவிட்டேன்.

மதிப்பீட்டுக்கு அக்காவையும் வேலூருக்குக் கூட்டிப்போனேன். வழியில் கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது பெருமையாகச் சொன்னாள்: "அந்த மாதிரித் துணி விசைத்தறில ஓட்டனது இல்ல. வூட்டுக் கைத்தறில நானே உக்காந்து நெய்ஞ்சேன். மாதிரின்னா நல்ல கைதான நெய்யணும்?"

அப்படியானால் நான் எழுதிய ஐந்து பொய். கடைக்குக் காட்டும் முதல் புடவையை வீட்டில் நல்ல கை யாருக்கோ அவர்தான் நெய்வார். எங்கள் ஊரில் அதுதான் மரியாதை. நானும் அந்த வீட்டில் பிறந்தவள்தானே, கேட்டிருக்க வேண்டாமா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். நாங்கள் அனுப்பிய சோறு வேறு பானையில் வெந்தது.

கூட்டத்தில் மதிப்பீட்டுக் குழுவில் இருந்த ஓர் அம்மா அதையேதான் கேட்டார்: "இது எந்தத் தறியில் நெய்தது?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லி, விசாரிக்காதது என் தவறு என்று நிறுத்தியிருக்கலாம். "நெய்தவருக்கு இதெல்லாம் தெரியாதுங்க. எங்களிடம் சொல்லாமல் மாற்றிவிட்டார்" என்றேன். பின்வரிசையில் அக்கா மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். தமிழில்தான் சொன்னேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மூன்றாம் படிதான் என்று முடிவு செய்தார்கள். விசைத்தறித் துணியோடு அடுத்த முறை வரச் சொன்னார்கள்.

திரும்பும்போது அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டு ராசியாகியிருப்போம். "எனுக்கு இதெல்லாம் தெரியாதுதான்" என்று மட்டும் சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன். "உடு, பேஜார் பண்ணாத" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது விசைத்தறியில் கார்பன் ஓட்டிப் பார்க்கிறாள். பட்டு நெய்த காலத்தில் யாரையும் எதுவும் கேட்காதவள். என் கல்யாணப் புடவையின் நிறத்தைக்கூட அவள்தான் முடிவு செய்தாள், என்னைக் கேட்கவில்லை. இன்று காலை வகுப்புக்கு நடுவில் அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் தறிச் சத்தமே இல்லை.

"இழ ஒண்ணு அறுந்துடுச்சு. தறிய நிறுத்திட்டு உக்காந்துகினு கீறேன். நான் முடிச்சுப் போடலாமா?"