ஃபர்வானியாவில் ஓர் அமெரிக்க வாரம்

அம்மாவின் தம்பி, என் மாமா, விசிட் விசாவில் குவைத்துக்கு வந்து, எங்கள் ஃபர்வானியா ஃபிளாட்டின் சோபாவில் படுத்துறங்கிய காலம். எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போனவர், நாடு திரும்பிய யாரோ ஓர் அமெரிக்கர் கழித்துவிட்ட அட்டைப்பெட்டியோடு வந்தார்.

உள்ளே தகர டிபன் பெட்டி, தொட்டால் தலையாட்டும் பேஸ்பால் வீரன் பொம்மை, வீரர்களின் படம் போட்ட அட்டைகள், பூதத்தின் கை மாதிரி ஒரு தோல் கையுறை. எல்லாம் அறுபதுகளின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. குக்கர் இறக்க உதவும் என்று கையுறையை அம்மா அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டாள். அடியில் அந்தக் காலத்து வாரப்பத்திரிகை ஒன்று கிடந்தது.

"ஏட்டி, இந்த வாரம் பூரா நாம அமெரிக்காவுலதான் இருக்கப் போறோம்" என்றார் மாமா.

இருந்தோம். சாயங்காலந்தோறும் ஒரு பக்கம். வால் தூக்கிய கார் விளம்பரத்தைப் பார்த்த அன்று அப்பாவின் பழைய வண்டியைப் பளபளவென்று துடைத்தோம். இன்னொரு பக்கத்தில் ஃபிரிட்ஜில் சாய்ந்து சிரிக்கும் ஒரு பெண். அதே மாதிரி நிற்கச் சொல்லி அம்மாவைக் கெஞ்சினோம். டூட்டி முடிந்து வந்த அப்பா, தோசைக் கரண்டியும் சிரிப்புமாக அவள் சாய்ந்து நிற்பதைப் பார்த்து, காய்ச்சலா என்று கேட்டார்.

பேஸ்பால் பக்கத்தில்தான் வினை. இரண்டு அணிகள் சமமாக நின்றன; கடைசி ஆட்டத்துக்கு முன்பே பத்திரிகை அச்சேறிவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அதுக்கென்னட்டீ, நாமளே ஆடி முடிச்சிருவோம்."

வியாழன் மாலை, கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் கார் நிறுத்துமிடத்தில் கூடினோம். விதிகள் மாமாவுக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி கத்தினார். சாம்பார் வாசனையடிக்கும் கையுறையோடு அவரே பந்து வீசினார். கிரிக்கெட் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். பந்து பறந்துபோய், வாசலில் உட்கார்ந்திருந்த எகிப்துக்கார வாட்ச்மேனின் டீ கிளாஸைத் தட்டிவிட்டது.

"மாஃபி கிரிக்கெட்! யல்லா, யல்லா!" என்று, இங்கே கிரிக்கெட் கூடாது, கிளம்புங்கள் என அரபியில் விரட்டியபடி எழுந்து வந்தார் அவர்.

"கிரிக்கெட் நஹி பாய், பேஸ்பால்!" என்ற மாமா என்னிடம் திரும்பி, "ஓடுட்டீ!" என்று அலறினார்.

நான் கார்களைச் சுற்றி ஓட, வாட்ச்மேன் என்னைத் துரத்த, பிள்ளைகள் கூச்சலிட, ஒரு சுற்று முடிந்தது. மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் முடியாமல் நின்ற ஆட்டத்தை நான்தான் முடித்துவைத்தேன் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

மறுநாள், விசா நாள் முடிந்து, மாமா துணிப்பெட்டியோடு விமான நிலையத்தில் நின்றார். அமெரிக்காவுக்கா என்று கேட்டேன்.

"ஆமாட்டீ, திருநெல்வேலி வழியா."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்பா அவர் தோளைத் தட்டி, "வேற விசா பாத்துக் கூப்பிடுதேன் மாப்ள" என்றார். நான் கையாட்டினேன்.

அந்த வாரம் காலைதோறும், இஸ்திரி போட்ட ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் சர்டிபிகேட் ஃபைலோடு அவர் எங்கே போய்வருகிறார் என்று நான் கேட்டதேயில்லை. சாயங்காலம் சிரித்தபடி வந்துவிடுவார். எனக்கு அது போதுமாக இருந்தது.