கெண்டைக்கு வைத்த பொட்டு

எனக்குக் கோபம் வந்தால் பசிக்காது. அன்று அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி, செந்துறை பஸ் பிடித்து, ஊர் வந்து சேரும் வரை ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. கோபம் என் மேலேயேதான். எங்கள் ஊர் ஏரிக் கெண்டையில் பாதரசம் இருப்பதாக நானே கண்டுபிடித்திருந்தேன். அதுவும் கொஞ்ச நஞ்சமா? கடலில் ஆலைக் கழிவு விழும் இடத்து மீனில் இருந்ததைவிட அதிகம்!

எண்பதுகளின் தொடக்கம் அது. கடலோரத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். அந்த ஊர் ஆலையில் பாதரசம் புழங்கியது. கழிவு நீர் ஒரு கால்வாய் வழியாகக் கடலில் கலந்தது. அங்கே பிடிபடும் மீனிலும் நண்டிலும் பாதரசம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எனக்கு மீன் கொடுத்தது, கரையில் கூடை வைத்து விற்கும் ஓர் அம்மா. “எம் பேரப்புள்ளைங்க தெனமும் திங்கிறது இதத்தான். உள்ள என்ன இருக்குன்னு மட்டும் சொல்லிடு தாயி” என்பார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பாதரசம் இருந்தது. ஆனால் ஆலைக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. எந்த ஊர் மீனை எடுத்தாலும் அது இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியா சேதி, எங்கள் ஊர் மீனைக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன். எங்கள் ஏரிக்கு மழைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வராது. மாசியில் தண்ணீர் வற்றி ஊரே இறங்கி மீன் பிடித்த நேரம். மூன்று கெண்டைகளை அம்மாவிடம் கொடுத்து, மஞ்சள் போடாதே, உப்பு போடாதே, அப்படியே பையில் கட்டு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, அரியலூரில் ஐஸ் வாங்கிப் போட்டு, பத்திரமாகக் கொண்டு போய்ச் சேர்த்தேன்.

பாதரசம் அளக்கும் கருவியின் முள் ஒரே ஓட்டமாகக் கடைசிக் கோட்டுக்கு ஓடி நின்றது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதே ஓட்டம்.

பேராசிரியர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. “உங்க ஊர் ஏரிக்குள்ள ஆலையா இருக்கு? இது தப்புன்னா, ஆலைப் பக்கத்து மீன்ல நீ கண்டதும் தப்பாத்தான் இருக்கும். இத விட்டுடும்மா. வேற தலைப்பு பாத்துக்கலாம்” என்றார். மூன்று வருட உழைப்பு. எனக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுங்கள் சார், இன்னொரு முறை மீன் கொண்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். ஒரு வாரம் கொடுத்தார்.

கடலைக் கொல்லையில் வேலை முடித்துத் திரும்பிய அம்மா, வாசலில் என்னைப் பார்த்ததுமே கேட்டாள்.

“என்னடி, மூஞ்சிய இப்புடித் தூக்கி வச்சிருக்கே?”

சொன்னேன். பாதி புரிந்ததோ என்னவோ, ஏரியைச் சொன்னதும் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“நம்ம ஏரி மீனுல வெசமா? எந்தக் கட்டையில போறவன் சொன்னான்?”

“நான்தாம்மா சொன்னேன்.”

“நல்லா படிச்சிக் கிழிச்சே போ!”

மறுநாள் காலையில் புதிதாக மூன்று கெண்டைகள் வந்தன. நான் தலை பின்னிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அம்மா முறத்தில் மீன்களை வரிசையாகப் படுக்க வைத்து, மோதிர விரலால் குங்குமம் தொட்டு, ஒவ்வொன்றின் நெற்றியிலும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சிங்காரிப்பதுபோல, அத்தனை கவனமாக!

“அம்மா! என்ன பண்றே?”

“நல்ல காரியத்துக்குப் போவுதுல்ல. நீ பரிச்சைக்குப் போறப்ப பேனாவுக்கு வக்கலியா? போன தடவையும் வச்சித்தானே அனுப்புனேன்.”

“போன தடவையுமா?”

“மஞ்ச போடாதன்னே, போடல. உப்பு போடாதன்னே, போடல. குங்குமம் வக்காதன்னு சொன்னியா நீ?”

சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. பையில் ஐஸ் கரைந்து சிவப்பாகத் தண்ணீர் நின்றதை நான் ரத்தம் என்று நினைத்திருந்தேன். பெரிய ஆராய்ச்சிக்காரி!

“இது கடைக் குங்குமமாம்மா?”

“கடைக் குங்குமந்தான். வெளுத்துப் போவுதுன்னு, டவுன் நாட்டு மருந்துக் கடையில சாதிலிங்கம் வாங்கி அரைச்சிக் கலந்தேன். பாரு, எப்புடி செவப்பு நிக்குது.”

சாதிலிங்கம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கல். முதல் வருடப் பாடத்திலேயே படித்தது. நான் சீப்பை வீசிவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். “கடவுளே, இந்தப் புள்ளைக்குப் பைத்தியம் புடிச்சிருச்சே” என்று அவள் அலறினாள். என் கருவி பொய் சொல்லவில்லை. ஒரு சிட்டிகைப் பொட்டைக்கூட மோப்பம் பிடித்துவிட்டது.

அந்தக் குங்குமத்தை இனி நெற்றியில் வைக்கக் கூடாது என்று புரிய வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருவழியாகச் சிமிழை என்னிடம் கொடுத்தாள். பொட்டு வைத்த மீன்களைக் குழி தோண்டிப் புதைத்தோம். பிறகு நானே ஏரிச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி வேறு கெண்டைகளைப் பிடித்து, புதுப் பையில் என் கையாலேயே கட்டினேன். அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கரையிலேயே நின்றாள்.

“நான் கையையே நீட்டல. பாத்துக்க.”

பேராசிரியரின் எதிரிலேயே செய்து காட்டினேன். முதலில் எங்கள் ஏரிக் கெண்டை. முள் அசையவில்லை. அடுத்து அதே கெண்டையின் இன்னொரு துண்டில் அம்மாவின் குங்குமம் ஒரு துளி. கடைசிக் கோட்டுக்கு ஓடியது. மூன்றாவதாக ஆலைக் கால்வாய் மீன். பொட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. முள் நிதானமாக ஏறி, போன மாதம் எங்கே நின்றதோ அங்கேயே வந்து நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். “உன்கிட்ட தப்பு இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றார். அன்றைக்கு நான் ஹாஸ்டலில் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அறிக்கையில் அவரே கையெழுத்துப் போட்டு அதிகாரிகளுக்கு அனுப்பினார். நானும் கரைக்குப் போய், கூடைக்கார அம்மாவிடம் சொன்னேன்: கால்வாய்ப் பக்கத்து மீன் வேண்டாம், தள்ளிப் போய்ப் பிடியுங்கள். அடுத்த வருடம் அந்தக் கால்வாயை அடைத்தார்கள். அடைத்த இடத்தைக் காட்ட அந்த அம்மா என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்.

ஆய்வேட்டை பைண்டு செய்ததும் முதலில் ஊருக்குத்தான் கொண்டு போனேன். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அட்டையைத் தடவிப் பார்த்தாள். சிமிழ் இருந்த மாடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கேட்கத்தான் பயம்.

“வையிம்மா” என்று, நான் வாங்கி வந்திருந்த புதுக் குங்குமத்தை நீட்டினேன்.

அட்டையைத் திறந்ததும் முதல் பக்கத்தில் பேராசிரியரின் கண்ணில் பட்டது அந்தப் பொட்டுதான்.

“இதச் சோதிச்சாச்சா?”

“சோதிச்சாச்சு சார். முள் அசையல.”