மேல் மூணு, கீழ் மூணு

வேம்புலி இத்தாலிக்குப் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அயனம்பாக்கம் ஏரிக்கரை டீக்கடையில் அந்தப் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. "பாஷ வரல, அதான் கழிச்சி கட்டிட்டானுங்க" என்பான் ஒருத்தன். "பிளேன்ல ஏறணும்னதும் பயந்துட்டாம்பா" என்பான் இன்னொருத்தன். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என்னை ஒருத்தனும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் போகட்டும், நான் சொல்லத்தான் போகிறேன்.

வேம்புலியின் அப்பா மதுரைவீரன், ஏரித் தண்ணீர் பாய்ந்த அடுத்தவர் நிலங்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். அந்த நிலமெல்லாம் வீட்டுமனையாக மாறியபோது, மகன் அம்பத்தூரில் ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராகிவிட்டிருந்தான். அங்கேயே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் காகிதம் சுற்றும் இயந்திரம் செய்வார்கள். நானும் அங்கேதான், அவனுக்குப் பக்கத்து பெஞ்சு. அவன் அதிகம் பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்து நான் பேசிவிடுகிறேன் என்று கன்னியம்மா கிண்டல் செய்வாள். கன்னியம்மா அவன் மனைவி. பிள்ளை குட்டி கிடையாது.

எண்பத்தெட்டாம் வருஷம் எங்கள் கம்பெனி ஓர் இத்தாலிக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது. புது இயந்திரத்தைப் பூட்டக் கற்றுக்கொள்ள இரண்டு ஃபிட்டர்களை அங்கே அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். அங்கே பட்டறையில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. நமக்கு மட்டும் என்ன வாழ்ந்தது. அதனால் அந்தப் பாஷையை ஓரளவாவது பேசுகிறவனுக்குத்தான் டிக்கெட். அங்கிருந்து ஒரு இன்ஜினியர் வருவார், பேசிப் பார்ப்பார், அவர் சொல்கிற ஆள்தான் போகலாம். டிராயிங் ஆபீஸ் பார்த்தசாரதி சார் இத்தாலியில் படித்துவிட்டு வந்தவர். ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் அவர் வகுப்பு எடுத்தார்.

வேம்புலிக்குப் போக ஆசை இருந்ததா, தெரியாது. கன்னியம்மாவுக்கு இருந்தது, அது தெருவுக்கே தெரியும். அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு மங்கி குல்லா வாங்கி வந்தாள். சித்திரை வெயிலில் அதை அவன் தலையில் மாட்டி, வாசலில் நிற்கவைத்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். "பனியில நின்னுகினு போட்டோ புடிச்சி அனுப்பப் போறாரு. கண்ணாடி போட்டு மாட்டுவேன்" என்று சுவரில் ஆணிகூட அடித்துவிட்டாள். அவன் வேர்த்துக்கொண்டு நின்றான்.

வகுப்பில் எல்லோரையும் படுத்தி எடுத்தது வினைச்சொற்கள்தான். "நெறைய சொற்கள் ஒழுங்கா ஒரே அச்சில வரும்யா. போ, வா, செய், இரு, இப்படித் தினமும் வாயில புழங்கறதுதான் அடங்காது. மனப்பாடம் பண்றதைத் தவிர வேற வழியில்ல" என்றார் சார். ஒவ்வொன்றுக்கும் ஆறு உருவம். நான், நீ, அவன் என்று மேலே மூன்று; நாங்கள், நீங்கள், அவர்கள் என்று கீழே மூன்று. இப்போது போவதற்கு ஓர் ஆறு, போனதற்கு ஓர் ஆறு, போகப்போவதற்கு ஓர் ஆறு. அதோடு விட்டார்களா? போனால் தேவலை என்று ஆசைப்பட்டால் வேறு ஆறு, போயிருப்பேன் ஆனால் முடியவில்லை என்று இழுத்தால் அதற்கும் வேறு ஆறு. ஆசைப்படுவதற்குக்கூடத் தனி வாய்ப்பாடு வைத்திருக்கிறவர்களோடு நமக்கென்ன பேச்சு என்று நான் கைகழுவிவிட்டேன். டீயும் பன்னும் கொடுத்ததால் போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

வேம்புலி வீட்டுக்குப் போயும் படித்தான். உருப்போட்டால் ஏறவில்லை. கன்னியம்மா அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். அவள்தான் வழி சொன்னாள். "இஸ்கூல்ல பசங்க ஒரு பக்கம், பொண்ணுங்க ஒரு பக்கம் நின்னு வாய்ப்பாடு சொல்வோமே மாமா, அத்தப்போல சொல்லலாம். மேல் மூணு உன்து, கீழ் மூணு என்து."

அன்றைக்கு ஆரம்பித்தது. என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் அடுப்படி. கூடத்திலிருந்து இவன், "வாதோ, வாய், வா" என்பான். போகிறேன், போகிறாய், போகிறான். அடுப்படியிலிருந்து அவள், "அந்தியாமோ, அந்தாதே, வான்னோ!" என்பாள். போகிறோம், போகிறீர்கள், போகிறார்கள். அந்த 'வான்னோ'வைக் காக்கை விரட்டுகிற மாதிரி இழுத்து முடிப்பாள். "போறதுக்குப் போயி இன்னாத்துக்கு வா வான்றானுங்க?" என்று சிரிப்பாள். என் மனைவி முனியம்மா இந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டே சிரிப்பாள். இரண்டு மாதத்தில் நடந்தது, நடக்கப்போவது, ஆசைப்பட்டது எல்லாம் அந்த அடுப்படியில் வெங்காயத்தோடு வதங்கியது. வகுப்பில் ஒரு எழுத்தும் ஏறாத எனக்குக்கூடச் சுவர் வழியாக வந்தது கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. என் காதில் பலமாக விழுந்தது கீழ் மூன்றுதான்.

ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும். வேம்புலி கீழ் மூன்றைச் சொல்லவே மாட்டான். முதல் தடவை புத்தகத்தைப் பார்த்து அவளுக்கு வாசித்துக் காட்டுவான், அத்தோடு சரி. அவள் பிடித்துக்கொள்வாள், இவன் விட்டுவிடுவான். வகுப்பில் எல்லோரும் கோரஸாகச் சொல்லும்போது மேல் மூன்றுக்குக் குரல் வரும், கீழ் மூன்றுக்கு உதடு மட்டும் அசையும். சாருக்குத் தெரியவில்லை.

ஆடியில் கன்னியம்மாவுக்குக் கண் மஞ்சளித்தது. எங்கள் பக்கம் மஞ்சள்காமாலைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கமில்லை. வேப்பம்பட்டில் ஒருவர் பச்சிலை அரைத்துக் கொடுப்பார். உப்பில்லாப் பத்தியம், மோர்ச்சோறு. அங்கேதான் போனார்கள். எல்லோருக்கும் சரியானது அவளுக்குச் சரியாகவில்லை. பாயில் படுத்துக்கொண்டும் அவள் கீழ் மூன்றை விடவில்லை, 'வான்னோ'வில் இழுவை மட்டும் போய்விட்டது. நினைவு தப்பிய பிறகு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வேனில் திரும்பக் கொண்டுவந்தோம்.

வேம்புலி அழவில்லை. புதைத்துவிட்டு வந்து கால் கழுவினான். "காலைல ஷிஃப்ட்டாடா?" என்று என்னைக் கேட்டான். காரியத்தன்று மொட்டையடித்து உட்காரவைத்தபோது, பந்தலில் கட்டியிருந்த வாழைக்குலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் கல்நெஞ்சுக்காரன் என்றார்கள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. போட்டால் சாப்பிட்டான், போடாவிட்டால் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் "ஆமா" என்றான்.

சாயங்காலமானால் மட்டும் புத்தகத்தை எடுத்தான். "வாதோ, வாய், வா." அப்புறம் ஓர் இடைவெளி, மூன்று சொல் நீளம். அப்புறம் அடுத்த வினைச்சொல்லின் மேல் மூன்று. அப்புறம் மறுபடியும் ஒன்றுமில்லை. போவேன், போவாய், போவான், ஒன்றுமில்லை. போயிருப்பேன், போயிருப்பாய், போயிருப்பான், ஒன்றுமில்லை. முனியம்மா காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். எனக்குச் சுவரை இடிக்க வேண்டும்போல இருக்கும்.

ஐப்பசியில் இத்தாலி இன்ஜினியர் வந்தார். நரைத்த தலை, வேர்வையில் நனைந்த சட்டை, கையில் இளநீர். இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். வேம்புலிக்கு ஜோடி நான். பேர், ஊர், செய்கிற வேலை எல்லாவற்றுக்கும் வேம்புலி தட்டாமல் பதில் சொன்னான். எல்லாம் 'நான்' என்று ஆரம்பிக்கிற பதில்கள். பார்த்தசாரதி சாருக்கு முகம் மலர்ந்தது. மனுஷன் மனசு வைத்தால் டிக்கெட் கையில் என்று நானும் நினைத்தேன்.

அப்போது அந்த இன்ஜினியர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டார்; சார் பிறகு சொல்லித்தான் எனக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமையானால் நீங்கள் இரண்டு பேரும் எங்கே போவீர்கள்? ஏரிக்குப் போவோம் என்றால் முடிந்தது. ஏரிக்கு அவர்கள் சொல் வேம்புலிக்குத் தெரியும். 'போவோம்' வேண்டும்; அவர்கள் பாஷையில் அதுவும் 'போகிறோம்'தான், கீழ் மூன்றின் முதல் சொல். அதற்கு அவன் மேலேயிருந்துதான் இறங்கி வரவேண்டும்.

"வாதோ, வாய், வா" என்றான். நிறுத்தினான். முகத்தை இடது பக்கம் திருப்பினான். அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் அடுப்படி இடது பக்கம். இங்கே இடது பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டி எதற்கோ காத்திருந்தான். இன்ஜினியரும் காத்திருந்தார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவன்மேல், அந்தப் பச்சிலைமேல், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட கன்னியம்மாமேல். வாயைத் திறந்தேன். "அந்தியாமோ, அந்தாதே, வான்னோ!" எனக்கு அதை ஒரே விதமாகத்தான் சொல்லத் தெரியும். கடைசியை அவள் இழுக்கிறபடியே இழுத்தேன்.

வேம்புலி என் முகத்தைப் பார்த்தான்.

"வேலு, கன்னிம்மா செத்துட்டாடா" என்றான். எனக்குத் தெரியாத சேதியைச் சொல்கிறவன் மாதிரி சொன்னான். எழுந்து நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளினான். வெளியே போய் அவன் பெஞ்சில் நின்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டான்.

என்ன சொன்னார் என்று இன்ஜினியர் கேட்க, பார்த்தசாரதி சார் மெதுவாக அவர் பாஷையில் சொன்னார். அவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டார். நாளைக்கு மறுபடியும் அந்த ஆளோடு பேசுகிறேன் என்றாராம். என்னோடு மறுபடி பேச யாரும் ஆசைப்படவில்லை.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். மங்கி குல்லா அவள் அடித்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தேன்.

"தோ பாரு மச்சான், நாளைக்கி ஒரு சான்ஸ் தர்றாங்கோ. கீழ் மூணு மட்டும் பாத்துக்கோ. உன் மண்டைக்கு இது ஒரு வேலையா?"

"அது அவளுதுடா" என்றான்.

"எதுடா அவளுது? இத்தாலிக்காரன்து! நீயும் சொல்லலாம், நானும் சொல்லலாம். இன்னிக்கி நான் சொல்லல?"

"நீ சொன்ன." புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தான். "நானும் சொல்லிட்டா, அப்பால அவளுக்கு சொல்றதுக்கு இன்னாடா கீது?"

மடையன் என்று திட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அவன் அந்த அறைப் பக்கமே போகவில்லை. அசெம்பிளி செக்‌ஷனிலிருந்து வேறு இரண்டு பேர் இத்தாலிக்குப் போனார்கள். பனியில் நின்று போட்டோ பிடித்து அனுப்பினார்கள்.

நான் திட்டிவிட்டு வந்த அந்தச் சாயங்காலம் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். முனியம்மா அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் அவன் குரல் வந்தது. "வாதோ, வாய், வா." எனக்குச் சொல் நாக்கு வரை வந்துவிட்டது. முனியம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் சொல்லவில்லை. மூன்று சொல் நேரம் போயிற்று. அதற்குப் பிறகுதான் அவன் அழ ஆரம்பித்தான்.