பம்பு அத்தையின் ஏழு குழாய்கள்

சூரியனை எப்படிச் சுற்றுவது என்று பூமி கற்றுக்கொண்டதே பம்பு அத்தை ஏரியைச் சுற்றுவதைப் பார்த்துத்தான். ஒரே வித்தியாசம், பூமிக்கு அவசரம் அதிகம். அத்தைக்கு அந்த வியாதி கிடையாது. ஒன்பது கிலோமீட்டர் ஏரிப் பாதையைச் சைக்கிளில் சுற்றிவர அவருக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். கால்நடையாகப் போகிறவர்கள் அவரை முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, ஜன்னலைத் திறந்து பார்த்தால், அத்தை அப்போதுதான் எதிர்க்கரையில் வளைந்துகொண்டிருப்பார்.

இன்றைக்கு ஏரி, ஏரி என்று எல்லோரும் பீற்றிக்கொள்கிறார்களே, ஒன்பது வருஷத்துக்கு முன்பு அது ஒரு பள்ளம். நிலக்கரிக்காக மேலிருந்தே தோண்டித் தோண்டி இறங்கிய சுரங்கம். அந்தப் பள்ளத்தின் அடியில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் நான்கு பம்புகள், ஓர் இரும்பு நாற்காலி, சுவரில் ஒரு டெலிபோன், அப்புறம் அத்தை. தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். அதை மேலே தள்ளிக்கொண்டே இருப்பதுதான் அவருடைய வேலை. இருபத்தோரு வருஷம் தண்ணீருக்கே தண்ணீர் காட்டியவர். மூன்றாவது பம்பு சளி பிடித்தவன் மாதிரி இருமும். எந்த இருமலுக்கு எண்ணெய், எந்த இருமலுக்கு வாஷர் என்று காதாலேயே வைத்தியம் பார்ப்பார்.

கரி தீர்ந்தது. சுரங்கத்தை மூடும் நாளில் மேலதிகாரி கீழே வந்து, "நிறுத்திடலாம்மா" என்றார். அத்தை நான்கு சுவிட்சுகளையும் அணைத்தார். அவற்றைத் துணியால் துடைத்தார். வீட்டுக்கு வந்து படுத்தார். தூக்கம் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. அமைதி அப்படி ஆளைத் தின்றது. மாமா தையல்காரர். அவர் எதுவும் கேட்கவில்லை. மெஷினை நகர்த்திக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, துணியே வைக்காமல் கடகடவென்று வெறும் மெஷினை ஓட்டினார். பத்து நிமிஷத்தில் அத்தை குறட்டை விட்டார்.

அப்புறம் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு ஏறியது. பள்ளம் நிறைந்தது. கரையில் பாதை போட்டார்கள். அன்றிலிருந்து ஆறு வருஷமாக, பச்சை சைக்கிள், முன்னால் ஒரு கூடை, கூடைக்குள் வாய் கட்டிய துணிப்பை என்று அத்தையின் ஊர்வலம் தினமும் நடக்கிறது.

பையில் என்ன என்பதுதான் கரையின் பெரிய கேள்வி. சைக்கிள் வாடகைக்கு விடுகிறவருக்கு ஒரு கருத்து இருந்தது.

"அக்கா அடியில எதையோ புதைச்சு வச்சிருக்காங்க. மேல தண்ணி வந்துட்டதால எடுக்க முடியல. அதான் சுத்திச் சுத்தி வராங்க."

"புதைச்சவங்க எதுக்கு நடுநடுவுல இறங்கிக் குனியிறாங்க?" என்றாள் வாலு.

"நீ அவங்க தம்பி பொண்ணுதானே? நீ கேட்க வேண்டியதுதானே?"

வாலுவுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கும் புவியியலும் அவளைக் கைவிட்டன. பதிலுக்கு அவள் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டாள். அத்தை வீட்டுக்கு வந்து இரண்டு மாதம். மாமாவின் அளவு நாடாவில் முதல் இரண்டு அங்குலத்தை வெட்டிவிட்டு, வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரே நாளில் தொப்பை போட வைத்தவள். கேட்டுத் தெரிந்துகொள்வது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

ஆனால் அத்தையின் வேகத்துக்குப் பின்னால் ஒளிந்து ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மிதித்தால் முந்திவிடுகிறது, நிறுத்தினால் விழுந்துவிடுகிறது. மூன்றாவது தடவை புதரில் விழுந்தபோது அத்தை திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"முள்ளு இருக்கும், பாத்து எழுந்திரு. வரணும்னா பக்கத்துல வாயேன்டி."

பாதையோரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நின்றது. நிலத்தடி நீரைப் பார்க்கச் சுரங்கக்காரர்கள் இறக்கிவிட்டுப் போனது. ஏரியைச் சுற்றி இப்படி ஏழு உண்டு. அத்தை தகர மூடியைக் கழற்றினார். பையை அவிழ்த்தார். உள்ளே ஒரு நீண்ட அளவு நாடா, அதன் நுனியில் மணி மாதிரி அடிப்பக்கம் குழிந்த ஒரு பித்தளைக் குண்டு. அதைக் குழாய்க்குள் இறக்கிக்கொண்டே போய், காதை வாயருகே வைத்தார். கொஞ்சம் தூக்கினார், கொஞ்சம் விட்டார்.

உள்ளேயிருந்து 'ப்ளக்' என்று ஒரு சத்தம்.

"நாலு மீட்டர் பன்னிரண்டு" என்றார் அத்தை. தேதி போட்டு நோட்டில் எழுதினார்.

"அவ்வளவுதானா? புதையல் இல்லையா?"

"இல்லை."

"யாரு அத்தை இதை எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் எதுக்கு?"

அத்தை நாடாவைத் துடைத்துச் சுருட்டினார். "இருபத்தோரு வருஷம் வாசல்லயே நிறுத்தி விரட்டின ஆளு. இப்ப வீட்டுக்குள்ள வந்து உக்காந்தாச்சு. எது வரைக்கும் காலை நீட்டுதுன்னு பாக்க வேணாமா?"

வாலுவுக்கு இது பிடித்துப்போயிற்று. ஒரு வாரம் ஒழுங்காகக் கூடவே போனாள். ஏழு குழாய்க்கும் ஏழு குரல் இருப்பதைக் கேட்டாள். இரண்டாம் குழாய் விக்கும், ஆறாம் குழாய் முத்தம் கொடுக்கும். எட்டாம் நாள் கை அரிக்க ஆரம்பித்தது.

மாமாவின் சாமான் கொட்டகையில் ஒரு பழைய சைக்கிள் டியூப் தொங்கியது. மத்தியானம் அதைச் சுருட்டி எடுத்துப்போய், ஐந்தாம் குழாய்க்குள் கை எட்டும் மட்டும் திணித்தாள். தண்ணீர் ஒரே நாளில் கிடுகிடுவென்று மேலே வந்துவிட்டதாக நினைத்து அத்தை அலறுவார், சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடுவார், வாழ்நாளில் ஒரு தடவையாவது வேகமாகப் போவார். இதுதான் திட்டம்.

மறுநாள் காலை அத்தை ஐந்தாம் குழாயில் குண்டை இறக்கினார். நாடா அரை மீட்டரிலேயே நின்றது. தூக்கினார், விட்டார். இன்னொரு தடவை விட்டார். குண்டின் அடியை விரலால் தடவிப் பார்த்தார். நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். மூடியை மூடினார். சைக்கிளில் ஏறினார். அதே வேகம், அதாவது வேகமே இல்லாத அதே வேகம்.

"என்ன அத்தை, எவ்வளவு?"

"எழுதிட்டேன். வா."

இவ்வளவு அழகான குறும்பு இப்படிப் புஸ்ஸென்று போனதில் வாலுவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மத்தியானம் சாப்பிடும்போது அத்தை மாமாவிடம் சொன்னார்: "நாளைக்கு ஏரி ஆபீஸ்ல இருந்து இன்ஜினியர் பொண்ணு வராங்க. அவங்க அளவுக் கம்பம் போன மாச மழையில கரையோட சரிஞ்சு போச்சாம். கையில ஒரு நம்பரும் இல்லையாம். என் நோட்டைக் கேட்டிருக்காங்க."

"ஆறு வருஷம் கழிச்சாவது கேட்டாங்களே" என்றார் மாமா.

"தாழ்ந்த கரைப் பக்கம் மண்ணுக்கடியில ஒரு மீட்டருக்குள்ள தண்ணி வந்துட்டா, அங்க பாதை உக்காந்துடும். வேலி போட்டு மூடிடுவாங்க. ஒரு பக்கம் மூடினா முடிஞ்சுது. யாரும் ஏரியைச் சுத்த முடியாது. போன வழியிலேயே திரும்பி வரணும்."

"அதுனால என்ன?"

"என்னவா? போன வழியிலேயே திரும்பி வரதுக்குப் பேரு வேலைக்குப் போறது. அதை நான் போதும் போதும்னு பண்ணியாச்சு." அத்தை தட்டைப் பார்த்தபடியே இருந்தார். "சுத்தி வரதுதான் எனக்கு மிச்சம் இருக்கு."

தாழ்ந்த கரையில் இருக்கும் ஒரே குழாய் ஐந்தாம் குழாய். வாலுவுக்குத் தேள் கொட்டிய திருடனின் நிலைமை. கத்தவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அரை மீட்டர் என்று நோட்டில் ஏறியிருந்தால், நாளைக்கே வேலி வந்துவிடும்.

"ஏன்டி சாப்பிடல?" என்றார் மாமா.

"வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்று எழுந்தாள்.

நேராகச் சைக்கிள் கடைக்கு ஓடினாள். "ஒரு ஸ்போக் கம்பி வேணும். நுனியை வளைச்சு."

"மீன் பிடிக்கப் போறியா?"

"ஆமா. ரப்பர் மீன்."

கம்பியைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். முதல் குத்திலேயே டியூப் இன்னும் ஒரு முழம் கீழே போயிற்று. இரண்டாவது குத்தில் கம்பி கழன்று விழப் பார்த்தது. ஏரிப் பாதையில் சைக்கிள்கள் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தன: ஒரே சைக்கிளை இருவர் மிதிக்கும் ஒரு ஜோடி, ஹேண்டில்பாரில் நாய்க்குட்டியை வைத்திருந்த ஒரு கிழவர், பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டிய ஒரு தபால்காரர். போகிறவர்கள் எல்லோரும், குழாயைக் கட்டிப்பிடித்துத் திட்டிக்கொண்டிருந்த பெண்ணை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர்கூடப் போன வழியில் திரும்பி வரவில்லை என்பதை அவள் அன்றுதான் கவனித்தாள். எல்லோருமே மறுபக்கம் போய் மறைந்து, இந்தப் பக்கமாக முளைத்தார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் கொக்கி மாட்டியது. டியூப் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. முழங்கை வரை துரு. ஒரு சின்னக் கல்லை எடுத்து உள்ளே போட்டாள். ஆழத்தில் 'ப்ளக்'. அவளுக்கு அழுகை வந்தது. அதைத் தும்மல் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

குழாய் சரி. நோட்டு? இரவு நோட்டு அத்தையின் தலையணைக்கு அடியில் இருந்தது. பக்கத்தைக் கிழிக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அத்தை எண் போட்டிருந்தார். சுரங்கத்துப் பழக்கம். பொய் சொல்வது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி, அதில் அவளுக்கு நல்ல அனுபவம் உண்டு.

காலையில் இன்ஜினியர் பெண் புத்தம்புது சைக்கிளில் வந்தார். மூவரும் போனார்கள். அத்தையின் வேகத்துக்கு ஓட்டத் தெரியாமல் அவரும் ஒரு தடவை புதரில் விழுந்தார். ஐந்தாம் குழாயில் நின்று நோட்டைப் புரட்டியவர் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, நம்பர் குறைஞ்சுகிட்டே வருது? ஏரி வத்துதா?"

"மேல இருந்து அளக்கிறது மேடம். குழாய் வாயில இருந்து தண்ணி எவ்வளவு கீழன்னு. நம்பர் குறைஞ்சா தண்ணி ஏறுதுன்னு அர்த்தம்."

"ஓ. தலைகீழாப் படிச்சுட்டேன்." அவர் சிரித்துவிட்டுக் குண்டைத் தானே வாங்கி இறக்கினார். 'ப்ளக்.' இரண்டு மீட்டர் நாற்பது. குழாய் தரைக்கு மேலே நிற்கும் உயரத்தைக் கழித்தார். "தண்ணி தரைக்கு ஒரு மீட்டருக்கும் கீழதான் இருக்கு. ஆனா இன்னைக்கு ஒரு நாள் அளவை வச்சு நான் முடிவு பண்ண முடியாதும்மா. நோட்டு முழுக்க நம்புற மாதிரி இருக்கணும். நேத்து என்ன இருக்கு?" என்று பக்கத்தைத் திருப்பினார்.

"நேத்து எழுதினது தப்பு மேடம்!" வாலு குறுக்கே பாய்ந்தாள். "யாரோ ஒரு பையன் உள்ள டியூபைத் திணிச்சிட்டான். சிவப்புச் சட்டை. நான் விரட்டினேன், ஓடிட்டான். அப்புறம் நான்தான் எடுத்துப் போட்டேன். அத்தை மேல தப்பே இல்லை!"

இன்ஜினியர் அவளைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அத்தை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் நேற்றைய வரியை வாய்விட்டுப் படித்தார்:

"ஐந்தாம் குழாய்: அளக்க முடியவில்லை. உள்ளே சைக்கிள் டியூப். வைத்தது என் தம்பி மகள். நாளைக்குள் அவளே எடுத்துவிடுவாள்."

பாதையில் யாரோ மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"எப்படி அத்தை..." என்றாள் வாலு.

"ரப்பர்ல விழுந்தா குண்டு குதிக்கும்டி. இருபத்தோரு வருஷம் வாஷர் மாத்தினவளுக்கு அது தெரியாதா? நம்ம கொட்டகை ஆணியில தொங்கினது வேற காணோம்."

இன்ஜினியர் நோட்டை மூடி, இரண்டு கையாலும் அத்தையிடம் நீட்டினார். "சொந்தத் தம்பி பொண்ணையே விடாம எழுதியிருக்கீங்க. மத்த நம்பரை நான் எதுக்கும்மா சந்தேகப்படணும்? வேலி வேண்டாம். பாதை திறந்தே இருக்கட்டும்."

அத்தை தலையசைத்தார். நோட்டைக் கூடையில் வைத்தார். சைக்கிளில் ஏறி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி வாலுவைப் பார்த்தார்.

"அந்தச் சிவப்புச் சட்டைப் பையன் ஆறாவது குழாய்ல எதுவும் வைக்கலையே?"